எம்.எல்.ஏ. சம்பளத்தை எம்.எல்.ஏ.க்களே முடிவு செய்வது சரியா? அதில் எது சம்பளம், எது செலவுக்கான படி?

மேலூர் மல்லிகா கேட்டது:

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் சண்டையில்தான் முடிகிறது. என் தம்பி அரசுப் பேருந்தில் நடத்துநர். 2018 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கிப் புதுச் சம்பளம் கேட்டார்கள், அரசு 2.44-க்கு மேல் ஏறாது என்று நின்றது, ஒரு வாரம் பஸ் சரியாக ஓடவில்லை, நினைவிருக்கும். அதே நாட்களில்தான் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000-லிருந்து 1,05,000 ஆக்கும் மசோதா வந்தது. தி.மு.க. எதிர்த்தது, ஆனாலும் நிறைவேறிவிட்டது. 2017 ஜூலையில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் அறிவித்ததைத்தான் அப்போது சட்டமாக்கினார்கள். அந்த ஜூலையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு இன்றுவரை அந்த வாரம் மறக்கவில்லை. "எனக்கு 0.13 தர மாட்டார்கள், அவர்களுக்கு ஒரே எட்டில் இரட்டிப்பு" என்பான்.

எனக்கு அந்தத் தொகையின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. இரண்டரை லட்சம் வாக்காளர் இருக்கிற தொகுதியை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு லட்சம் பெரிய பணம் என்று சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. எந்த வேலையிலும் சம்பளத்தை வாங்குகிறவனே எழுதிக்கொள்வதில்லை. தம்பிக்கு ஊதிய ஒப்பந்தம், தொழிற்சங்கம், பேச்சுவார்த்தை, நீதிமன்றம் எல்லாம் இருக்கிறது. அரசு ஊழியருக்கு ஊதியக் குழு இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் யாரும் இல்லையா?

இன்னொன்று, அந்த 1,05,000-க்குள் தொலைபேசிப் படி, தபால் படி, வாகனப் படி என்று என்னென்னவோ இருக்கிறதே, அது ஏன்? அதற்கு பில் கொடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

ஓய்வு கருவூலம் எழுதியது:

அம்மா, நான் மாவட்டக் கருவூலத்தில் 31 வருஷம் பில் பாஸ் செய்தவன், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 சட்டப்படி அந்த 1,05,000 இப்படிப் பிரியும். சம்பளம் என்ற பெயரில் 30,000. ஈட்டுப்படி 10,000. தொலைபேசிப் படி 7,500. தொகுதிப் படி 25,000. தபால் படி 2,500. தொகுப்புப் படி 5,000. வாகனப் படி 25,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதாவது "சம்பளம்" என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மீதி முழுக்கப் படிதான். எதற்கும் பில் வேண்டாம், மாதம் பிறந்தால் வந்துவிடும். அரசு ஊழியர் ஒருவர் வெளியூர் போய்வந்து 480 ரூபாய் பயணப்படி கேட்டால் டிக்கெட் ஒட்டவில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம். ஆகவே நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்? முதல் காரணம் பழக்கம். தபால் படி என்பது நாளுக்கு நூறு கடிதம் எழுதிய காலத்தது. தொலைபேசிப் படி டிரங்க் கால் போட்ட காலத்தது. இன்று ஒரு சிம் கார்டுக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகிறது, ஆனால் தலைப்பு அப்படியே நிற்கிறது, தொகை மட்டும் ஏறுகிறது. இரண்டாவது காரணம் வருமான வரி. உறுப்பினர் வாங்கும் தினப்படி, தொகுதிப் படி போன்றவற்றுக்கு பழைய வரி முறையில் விலக்கு உண்டு. அதனால் சம்பளம் என்ற தலைப்பில் ஏற்றுவதைவிடப் படியாக ஏற்றினால் கையில் நிற்பது அதிகம். மூன்றாவது, இது என் அபிப்பிராயம்தான்: "சம்பளத்தை இரட்டிப்பாக்கினோம்" என்று பேரவையில் சொல்வது கூச்சம், "படிகளை மாற்றியமைத்தோம்" என்று சொன்னால் அந்தக் கூச்சம் இல்லை.

யார் முடிவு செய்வது என்றால், அரசியலமைப்பின் 195-வது பிரிவு. மாநில சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் அந்தந்தச் சட்டமன்றம் சட்டம் போட்டு நிர்ணயிக்கலாம் என்று அதில் இருக்கிறது. எம்.பி.க்களுக்கு 106. நம் மாநிலத்தில் 1951-ம் வருஷத்துச் சம்பளச் சட்டம் ஒன்று உண்டு, ஒவ்வொரு முறையும் அதைத்தான் திருத்துகிறார்கள். ஆக, இவர்களே எழுதிக்கொள்வது சட்டத்துக்கு விரோதம் இல்லை. ஆனால் எழுதும் முன்னால் வெளியாள் யாரிடமும் கேட்கக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. கேரளத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஆணையம் என்று ஒன்று வைத்து, அதன் அறிக்கைக்குப் பிறகுதான் 2018-ல் 39,500-ஐ 70,000 ஆக்கினார்கள். தெலங்கானாவில் 2016-ல் ஒரே தாவலில் இரண்டரை லட்சத்துக்குப் போனார்கள். இரண்டு மாநிலத்துக்கும் பிரிவு ஒன்றேதான், நடந்துகொண்ட விதம்தான் வேறு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டீக்கடையில் "எம்.எல்.ஏ.வுக்கு வருஷம் மூன்று கோடி" என்பார்கள். அது தொகுதி மேம்பாட்டு நிதி. அவர் கைக்கு ஒரு ரூபாய் வராது, அவர் வேலையைப் பரிந்துரைப்பார், பணம் மாவட்ட நிர்வாகம் வழியாக ஒன்றியத்துக்கோ நகராட்சிக்கோ போகும். அந்த வேலைகளில் நடக்கும் கமிஷன் தனிக் கதை, அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் பேசினால் இரண்டுமே புரியாமல் போகும்.

கடைசியாக, 234 பேருக்கும் அந்தத் தொகையைக் கொடுத்தால் வருஷத்துக்கு 29 கோடியே 48 லட்சம் வருகிறது. மாநில பட்ஜெட் மூன்று லட்சம் கோடிக்கு மேல். கஜானா இதனால் காலியாகப் போவதில்லை. தொகையைவிட நிர்ணயிக்கும் முறைதான் சிக்கல் என்று நீங்கள் சொன்னதை அதனால்தான் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

குறிஞ்சி எழுதியது:

ஐயா, முறை கிறை எல்லாம் சரி. வேட்புமனுவோடு சொத்துப் பட்டியல் தருகிறார்களே, அதைப் பாருங்கள், கோடிக்குக் குறைந்தவர்களை எண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு எதற்குச் சம்பளம்? சேவைக்குத்தானே வந்தார்கள்? பென்ஷன் வேறு. ஒரு தடவை ஜெயித்து உட்கார்ந்துவிட்டால் ஆயுளுக்கும் உண்டு. 2018 சட்டத்தில் அதையும் 12,000-லிருந்து 20,000 ஆக்கினார்கள், அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. என் அப்பா 26 வருஷம் மில்லில் நின்றார், இ.பி.எஃப். பென்ஷன் 1,400 ரூபாய் வருகிறது.

வேட்டிமடிப்பு எழுதியது:

குறிஞ்சி, உங்கள் அப்பாவின் 1,400-க்கு என்னிடம் பதில் இல்லை, அது அநியாயம்தான். ஆனால் சம்பளமே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நான்கு வருஷம் உதவியாளராக இருந்தேன். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று சொல்ல மாட்டேன், அவர் நல்ல மனிதர், அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர், கோடீஸ்வரர் இல்லை. காலை ஆறரைக்கு வாசலில் செருப்பு நிரம்பிவிடும். முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, பட்டா மாறுதல், மருத்துவக் காப்பீட்டு அட்டை, பையனுக்கு சீட், கணவன் அடித்தது வரை எல்லாம் வரும். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப முடியாது. டீக்கடைக் கணக்கு மட்டும் மாதம் ஒன்பதாயிரத்தைத் தாண்டும், அந்த நோட்டு என் பொறுப்பில்தான் இருந்தது.

அதைவிடப் பெரியது மொய் நோட்டு. ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் முப்பத்தெட்டு பத்திரிகை வந்தது, எண்ணி வைத்தது நான்தான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு, புதுமனை. போகாவிட்டால் "ஓட்டு கேட்க மட்டும் வரத் தெரிந்ததே" என்பார்கள். போனால் வெறுங்கையோடு போக முடியாது. குறைந்தது ஆயிரம், வேண்டப்பட்டவர் வீடு என்றால் ஐந்து. இழவு வீட்டுக்கு மாலை, ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை, இளைஞர் மன்றத்துக்கு கபடி கோப்பை. தொகுதிப் படி 25,000 ஒரு முகூர்த்தத்துக்குப் போதவில்லை. முதல் வருஷம் அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் "அண்ணே, இந்த மாத டீக்கடைக் கணக்கை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஒப்பந்தக்காரர் உள்ளே வரும்போது யாரும் டோக்கன் கேட்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது அந்த டீ நோட்டு கை மாறியதைத்தான், ஆனால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எனக்குத் தோன்றுவது இது. மொய்க்கும் மாலைக்கும் அரசாங்கப் பணம் கொடுக்கக் கூடாது, அது எத்தனை கொடுத்தாலும் போதாது, அந்த எதிர்பார்ப்பை மக்களாகிய நாம்தான் விட வேண்டும். ஆனால் அலுவலகம் நடத்துவது அரசு வேலை. மனு எழுத ஆள், கம்ப்யூட்டர், வாடகை, டீசல். இதை அவர் பையிலிருந்து போடச் சொன்னால், பையில் பணம் இருப்பவன் மட்டும்தான் அடுத்த முறை நிற்பான்.

என் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 8,000, அதுவும் அவர் கையில் இருந்தால். இரண்டு தீபாவளிக்கு நடுவில் ஐந்து மாதம் பாக்கி. எனக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, வேலைக்கு ஆதாரமாக ஒரு காகிதம்கூடக் கிடையாது. எம்.பி.க்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் வைத்துக்கொள்ளும் உதவியாளருக்கு நாடாளுமன்றச் செயலகமே ஒரு தொகையை நேராகக் கொடுக்கிறது, எம்.பி. கணக்கில் போட்டு அவர் பிரித்துத் தருவதில்லை. எம்.எல்.ஏ.க்களுக்கு இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி சரியாகும். தொலைபேசி, தபால், தொகுப்பு என்ற மூன்று தலைப்பையும் எடுத்துவிட்டு அந்த 15,000-ஐ உதவியாளருக்கு நேராகக் கட்டுங்கள்.

தேம்ஸ் கரையான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தான், இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன். மல்லிகா அக்கா கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைத்தது, ஆனால் பெரிய அவமானத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

2009 மே மாதம் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை எம்.பி.க்களின் செலவுக் கணக்கை நாளுக்கு நாள் அச்சிட்டது. வீட்டைச் சுற்றியுள்ள அகழியைத் துப்புரவாக்கிய செலவு, குளத்தில் வாத்துக்கு மிதக்கும் வீடு வாங்கியதற்கு 1,645 பவுண்டு என்று ஒருவர் போட்ட கணக்கு (அதைக் கொடுக்கவில்லை, கேட்டதே போதுமானதாக இருந்தது), எது இரண்டாவது வீடு என்று மாற்றி மாற்றி எழுதி வாங்கிய வீட்டுக் கடன் வட்டிப் பணம். சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். சிலர் சிறைக்கே போனார்கள். காலையில் ரயிலில் ஆட்கள் அந்தப் பத்திரிகையை விரித்துக்கொண்டு முன்பின் தெரியாதவரோடு பேசியதை அப்போதுதான் நான் முதல்முதலாகக் கண்டேன், இந்த ஊரில் அது நடக்காத காரியம்.

அதற்குப் பிறகு ஐப்சா என்று ஒரு சுயாதீன அமைப்பை உண்டாக்கினார்கள். முதலில் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தது, பிறகு சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் அதற்கே போனது. அதற்குமுன் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். பல காலம் சம்பளத்தைக் கூட்ட அரசாங்கங்களுக்குப் பயம், சனம் ஏசும். ஆகவே சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கொடுப்பனவு என்ற பெயரில் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்கள். அங்கிருந்துதான் அழுகல் தொடங்கியது. கருவூலத்து ஐயா சொன்ன தபால் படிக் கதையும் இதே கதைதான்.

இப்போது ஒவ்வொரு ரயில் டிக்கெட்டும் பெயரோடு இணையத்தில் வரும், நானே என்னுடைய தொகுதி எம்.பி.யின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். அவருடைய அலுவலகப் பணியாளருக்குச் சம்பளம் ஐப்சா நேரே கொடுக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சுயாதீன அமைப்பு என்றால் சம்பளம் குறையும் என்று நினைக்காதீர்கள். 2015-ல் ஐப்சா 67,060 பவுண்டை 74,000 ஆக்கியது, பிரதமர் கமரோன் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. 2025 ஏப்ரலில் 93,904 ஆகிவிட்டது. சனம் இப்பவும் ஏசுகிறது. ஆனால் இப்போது ஏசுவது தொகையைப் பற்றி, திருட்டைப் பற்றி இல்லை.

எங்கட நாட்டையும் சேர்த்துச் சொல்லலாம். இலங்கையில் பாராளுமன்ற உறுப்பினருக்கு மாதக் கொடுப்பனவு 54,285 ரூபாய் என்று வெகுகாலம் இருந்தது. பார்க்க எளிமையான தொகை. எரிபொருள், அலுவலகம், தொலைபேசி, அமர்வுக்கு வருகிற படி என்று மற்றதெல்லாம் பக்கத்தில் தனியாக நிற்கும். 1977 சட்டத்தில் ஐந்து வருடம் இருந்தாலே ஓய்வூதியமும் வந்தது. அடிப்படைத் தொகையைச் சின்னதாகக் காட்டுகிற இடமெல்லாம் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

குறிஞ்சி எழுதியது:

டீ நோட்டு விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. அதை ஏற்கிறேன். பென்ஷனில் மாற மாட்டேன். பஞ்சாபில் 2022-ல் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஒரே பென்ஷன் என்று கொண்டுவந்தார்கள், எத்தனை முறை ஜெயித்தாலும். அதற்கு முன் ஒவ்வொரு முறைக்கும் சேர்த்துச் சேர்த்து வாங்கினார்கள். அது முடிந்தது என்றால் மற்றதும் முடியும்.

ஓய்வு கருவூலம் எழுதியது:

தம்பி, பென்ஷன் செல்லும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எம்.பி.க்கள் வழக்கில் சொல்லிவிட்டது. வேண்டாம் என்றால் சட்டம் போட்டுத்தான் நிறுத்த முடியும், அதையும் அவர்களேதான் போட வேண்டும். மல்லிகா அம்மா கேட்ட இடத்துக்கே திரும்பி வருகிறோம் பாருங்கள்.

டெல்லியில் செய்திருப்பது பாதி வழி. 2010-ல் எம்.பி.க்களின் குழு, மத்திய அரசுச் செயலாளர் சம்பளம் 80,000 என்றால் எங்களுக்கு 80,001 வேண்டும் என்று பரிந்துரைத்தது, கடைசியில் 16,000 ஐம்பதாயிரம் ஆனது, நாடு முழுக்கக் கெட்ட பேர். அதன் பிறகு 2018-ல் ஒரு லட்சமாக்கி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாக ஏறும் என்று எழுதிவிட்டார்கள். 2025 மார்ச்சில் 1,24,000 என்று அறிவிக்கை வந்தது, 2023 ஏப்ரலிலிருந்து நிலுவையோடு. வாக்கெடுப்பு கிடையாது, கூச்சலும் குறைவு. திடீரென்று இரட்டிப்பாவது இதில் நடக்காது, அது நல்லது. ஆனால் தொடக்கத் தொகையை எழுதியது அவர்கள்தான், படிகளுக்கு பில் கேட்பாரும் இல்லை. தேம்ஸ்காரர் சொன்னதுபோல் கணக்கை வெளியே போடாத வரைக்கும் குறியீடு மட்டும் போதாது.

முன்னாள் தலைவி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருஷம் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். எங்களுக்கு மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், 2022-ல்தான் அதை 2,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். 2023-ல் மாநகராட்சி மேயருக்கு 30,000, கவுன்சிலருக்கு 10,000 என்று அறிவித்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், எனக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டு.

மோட்டார் பழுதானால் இரவு பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒன்றிய அலுவலகம் போய்வர எனக்கு ஆட்டோவுக்கு 300 ரூபாய், எங்கள் ஊருக்கு பஸ் இரண்டு வேளைதான். மாதம் ஆறு முறை போனால் மதிப்பூதியம் அதிலேயே போய்விடும். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான், தலைவரான பிறகு அந்தக் கூலியும் போனது. அப்போதுதான் துணைத்தலைவர் "செக்கில் கையெழுத்து மட்டும் போடுங்க, அலைச்சலை நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் போட மறுத்தேன், அதற்குப் பட்ட பாடு வேறு. ஆனால் போட்டுக் கொடுத்த பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு பஸ் காசு இல்லை.

நீங்கள் ஒரு லட்சம் சரியா, தப்பா என்று பேசுகிறீர்கள். அந்தச் சட்டத்தை எழுதுகிறவர்களேதான் எங்கள் தொகையையும் எழுதுகிறார்கள். வெளியாள் குழு ஒன்று வைத்தால் அதில் எங்களையும் சேர்த்து நிர்ணயிக்கச் சொல்லுங்கள்.

மேலூர் மல்லிகா எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த அக்காவுக்கு எங்க டிப்போவில் ஒரு பாஸ் கூடக் கொடுக்க மாட்டாங்களா" என்று கேட்டான்.

கருவூலத்து ஐயா, ஒரு உதவி. எங்கள் தொகுதி உறுப்பினருக்குத் தலைப்புவாரியாக எவ்வளவு போகிறது, அதில் எதற்காவது ரசீது வாங்குகிறார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? யாருக்கு எழுதுவது?

ஓய்வு கருவூலம் எழுதியது:

கேட்கலாம். சட்டமன்றப் பேரவைச் செயலகம், பொதுத் தகவல் அலுவலர், தலைமைச் செயலகம், சென்னை 600009. வெள்ளைத்தாளில் எழுதி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்கு பதில் வராது. "எந்தத் தலைப்பில், எவ்வளவு, எந்த அரசாணைப்படி" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் இங்கே போடுங்கள், நான் தலைப்பு தலைப்பாகப் பிரித்துச் சொல்கிறேன்.